காவல் நிலையத்துக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் போக வேண்டுமா?

வாசகர் கேள்வி:

"வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 63 வயது. ஏற்காடு தாலுகாவில் ஒரு மலைக்கிராமம், ஊர் பெயர் வேண்டாம். மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். போன மழையில் எங்கள் ரோடு அரித்துப்போய் 108 வண்டி பாதியிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மருமகளைப் பிரசவத்துக்குப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் கோபத்தில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைச் சொல்லி ஒரு வாய்ஸ் போட்டேன். 'ரோட்டுக் காசைக் கான்ட்ராக்டரும் ஆபீசும் பங்கு போட்டுச் சாப்பிட்டுட்டாங்க. இனி ஓட்டுக் கேட்டு எவனாவது மேலே ஏறி வரட்டும், பார்த்துக்கலாம்' என்று முடித்தேன். நான்கு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து என்று போன். நாளைக்குப் பத்து மணிக்குப் போனோடு வரச் சொன்னார்கள். பழம் பறிப்பு நடக்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள் என்றேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் போட்டோ வந்தது. 'விசாரணைக்கு ஆஜராகவும்' என்று மட்டும் இருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள், 'புதுச் சட்டத்தில் அரசாங்கத்தைப் பேசினாலே ஆயுள் தண்டனையாம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு குரூப்பை விட்டு வெளியே வாங்கப்பா' என்று அழுகிறாள். நான் போக வேண்டுமா? போனைக் கொடுக்க வேண்டுமா? கைது செய்வார்களா? பேசுகிற உரிமையே போய்விட்டதா?"

பதில்:

ஐயா, வணக்கம். மற்றதெல்லாம் அப்புறம். முதலில், எதையும் அழிக்காதீர்கள். அந்த வாய்ஸ், அதற்கு வந்த பதில்கள், தாளின் போட்டோ, போன் வந்த நம்பர், நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மகள் பயத்தில் சொல்கிறார், பெற்ற பிள்ளை அப்படித்தான் சொல்லும். ஆனால் விசாரணைக்குத் தேவைப்படும் என்று தெரிந்தே மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம். ரோட்டைப் பற்றிப் பேசியது குற்றமில்லை என்று எந்த வக்கீலும் தைரியமாக வாதாடலாம். அழித்ததற்கு என்ன சொல்லி வாதாடுவது? அதோடு, நீங்கள் முழுதாக என்ன பேசினீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கிற ஆதாரம் அந்த வாய்ஸ்தான். யாரோ வெட்டி எடுத்த பத்து நொடித் துண்டுதான் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். வலியில் துடித்த பெண்ணைத் தூக்கிப்போன கதை முன்பாதியில் இருக்கிறது. அது போய்விட்டால் மிஞ்சுவது 'பார்த்துக்கலாம்' மட்டும்தான்.

அடுத்து, 'ஸ்டேஷனிலிருந்து என்று போன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'என்று' எனக்கு உறுத்துகிறது. போலீஸ் பேசுகிறோம், சி.பி.ஐ. பேசுகிறோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்கள் இப்போது வயதானவர்களையே குறி வைக்கின்றன. மகளை விட்டு நிலையத்தின் பொது எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். கூப்பிட்டவர் பெயர், பதவி, என்ன விஷயம் என்று கேட்டு, ஒரு தாளில் தேதி நேரத்தோடு எழுதி வைக்கட்டும். பணம் என்ற பேச்சு எங்கேயாவது வந்திருந்தால் அது போலீஸ் இல்லை, உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

சரி, கூப்பிட்டது நிஜமாகவே நிலையத்திலிருந்துதான் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பியிருக்கும் அந்தப் போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. குற்ற எண் இல்லை. எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று இல்லை. நீங்கள் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா, மனுவுக்கு எதிர்மனுதாரரா என்றும் இல்லை. இந்தத் தாளுக்குச் சட்டத்தின் கண்ணில் பெயரே கிடையாது.

காவல் நிலையம் ஒருவரை அழைப்பதற்கு மூன்று வழி இருக்கிறது. சாட்சியாகக் கூப்பிட்டால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவில் எழுத்துப்பூர்வமாக உத்தரவு தர வேண்டும். பழைய சி.ஆர்.பி.சி.யில் 160 என்று இருந்தது இதுதான். அதில் உங்களுக்கு ஒரு நல்லது இருக்கிறது. 60 வயது தாண்டிய ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும், அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. பழைய சட்டத்தில் அந்த வயது 65 ஆக இருந்தது, இப்போது 60 ஆகியிருக்கிறது. ஆக, சாட்சி என்றால் போலீஸ்தான் உங்கள் தோட்டத்துக்கு ஏறி வர வேண்டும். நீங்களாக விரும்பிப் போவதற்குத் தடையில்லை.

இரண்டாவது, உங்கள் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டிருந்து, ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், உடனே கைது செய்யாமல் அதே பி.என்.எஸ்.எஸ்.சின் 35(3) பிரிவில் நோட்டீஸ் தர வேண்டும். பழைய சட்டத்தில் 41-ஏ. அந்த நோட்டீஸ் முறைப்படி கையில் வந்தால் நீங்கள் கட்டாயம் போக வேண்டும், அதில் வயது விலக்கு கிடையாது. சொன்ன தேதியில் போய் ஒத்துழைக்கிற வரைக்கும், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது.

இந்த இரண்டு நோட்டீசையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துச் சொன்ன உத்தரவு இது. ஹரியானா அரசு அதை மாற்றக் கேட்டுப் போனது, அந்த ஜூலையில் அதையும் மறுத்துவிட்டார்கள். காரணம் ரொம்ப எளியது. நோட்டீசுக்கு வராவிட்டால் கைது வரைக்கும் போகலாம். ஒருவருடைய சுதந்திரம் டவர் கிடைக்கிறதா இல்லையா என்பதில் தொங்கக் கூடாது. மலையில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் உங்கள் விஷயத்தில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர், அநேகமாக அந்தக் கான்ட்ராக்டர் பக்கத்து ஆள், மனு கொடுத்திருப்பார். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது எஃப்.ஐ.ஆர். போடாமல் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, போட்டுவிட்டு, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவது நம் ஊர் நிலையங்களின் வழக்கம். அதனால் போனவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஐயா, இது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா? நம்பர் என்ன?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டதுமே எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசும் தோரணை மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

போவதா வேண்டாமா என்றால், என் யோசனை போங்கள் என்பதுதான். ஓடி ஒளிந்த பேர் உங்களுக்கு வேண்டாம். ஆனால் அவர்கள் போனில் சொன்ன பத்து மணிக்குப் பதறியடித்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் ஒரு கடிதம் போகட்டும், கடைசியில் மாதிரி எழுதித் தருகிறேன்.

இப்போது மகளின் பயத்துக்கு வருகிறேன். ஆயுள் தண்டனை என்று அவர் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 152 என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவினையையோ ஆயுதக் கிளர்ச்சியையோ நாசவேலையையோ தெரிந்தே தூண்டினால், பிரிவினை உணர்வை வளர்த்தால், நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து உண்டாக்கினால், ஆயுள் வரைக்கும் அல்லது ஏழு ஆண்டு வரைக்கும் சிறை. பழைய ராஜத்துரோகச் சட்டமான 124-ஏ, 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பெயர் இப்போது சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் ஆயுளுக்கு மாற்றாக மூன்று ஆண்டு என்று இருந்தது ஏழு ஆகியிருக்கிறது. பிரிவினை உணர்வு எது, எது இல்லை என்று அந்தப் பிரிவு கோடு கிழித்துக் காட்டவும் இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. கோடு தெளிவாக இல்லாத இடத்தில், கோட்டை முதலில் கிழிப்பவர் எஃப்.ஐ.ஆர். எழுதுகிற ரைட்டர்தான். நீதிபதி அதை அழித்துச் சரி செய்ய மாதங்கள் ஆகும்.

அப்படியிருந்தும் உங்கள் வாய்ஸ் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அரசின் நடவடிக்கை சரியில்லை, அதைச் சட்டப்படி மாற்ற வேண்டும் என்று விமர்சிப்பது இதில் சேராது என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. நாடு வேறு, ரோடு போடாத ஆபீஸ் வேறு. 1962-லேயே, பழைய ராஜத்துரோகப் பிரிவையே, வன்முறையைத் தூண்டினால்தான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது. 2025 மார்ச் 28 அன்று, ஒரு கவிதைக்காக எம்.பி. ஒருவர் மேல் குஜராத்தில் போட்ட எஃப்.ஐ.ஆரை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. சொற்களின் விளைவை எடை போடும்போது, எதற்கெடுத்தாலும் ஆபத்து என்று நடுங்குகிறவர்கள் காதால் கேட்கக் கூடாது, திடமான மனசுள்ளவர்கள் காதால் கேட்க வேண்டும் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. பேச்சு, எழுத்து தொடர்பான புகாரில், தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் இருந்தால், எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்திப் பார்ப்பதே முறை என்றும் அது சொல்கிறது. பி.என்.எஸ்.எஸ். 173(3) தரும் வழி அது. வக்கீலிடம் போகும்போது இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள் பேச்சையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு சொல்லில் எனக்குக் கவலை இருக்கிறது. ஒன்று 'சாப்பிட்டுட்டாங்க'. உங்கள் ஊரில் ஒரே கான்ட்ராக்டர்தான் என்றால், பெயர் சொல்லாவிட்டாலும் அது அவரைத்தான் குறிக்கும். அவர் அவதூறு என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் போடலாம். அவதூறுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பிடித்துக்கொண்டு போகவும் முடியாது. ஆனாலும் வாய்தா வாய்தாவாகக் கீழே இறங்கி வர வைக்கலாம், 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி. அதற்கு மருந்து மன்னிப்புக் கேட்பது இல்லை, ஆதாரம் சேர்ப்பது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று 'பார்த்துக்கலாம்'. நம் பக்கத்தில் இதற்கு எத்தனை அர்த்தம்! ஓட்டுப் போட மாட்டோம் என்றும் பார்த்துக்கலாம், கேள்வி கேட்போம் என்றும் பார்த்துக்கலாம், கையைக் காலை எடுப்போம் என்றும் பார்த்துக்கலாம். கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "ஓட்டுக் கேட்டு வந்தால் ரோட்டைப் பற்றிக் கேள்வி கேட்போம் என்று சொன்னேன்." உங்கள் மனசில் இருந்தது அதுதான் என்றால், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். நீங்கள் குரூப் அட்மின் இல்லை என்று நினைக்கிறேன். அட்மினும் பயந்துபோயிருந்தால் சொல்லுங்கள், அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக மற்றவர் போட்டதற்குப் பொறுப்பாக்க முடியாது என்று மதுரை அமர்வும் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன.

ஸ்டேஷனுக்குள் நடப்பதில் நான் அதிகம் பயப்படுவது அடிக்கோ மிரட்டலுக்கோ இல்லை, ஒரு வெள்ளைத் தாளுக்கு. கொலுசுப் பட்டறையில் மெருகு போடுகிற பையன் ஒருவன், செவ்வாய்ப்பேட்டைக்காரன், சில வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்தான். தெருவில் சாக்கடை பற்றி முகநூலில் எழுதியதற்கு ஒரு நிலையத்தில் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நல்லபடியாகப் பேசி, 'இனிமேல் இப்படிப்பட்ட தவறைச் செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா' என்றிருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே என்ற நிம்மதி. அடுத்த வருஷம் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அடிதடி வழக்கில் பெயர் சேர்த்தபோது, அந்தத் தாள் வெளியே வந்தது. 'ஏற்கெனவே தவறை ஒப்புக்கொண்டவர்.' அவன் கையெழுத்து, அவன் எழுத்துப் பிழைகூட அப்படியே. அதிலிருந்து அவனை வெளியே எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால் 'தவறு' என்ற சொல் இருக்கிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணையின்போது நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பழைய 162, இப்போது 181. உங்களைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று அரசியலமைப்பின் 20(3) இருக்கிறது. சாட்சியை விசாரிக்கும் பிரிவும் அதையே சொல்கிறது. "வக்கீலைக் கேட்டுவிட்டு எழுத்தில் தருகிறேன் ஐயா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம்.

போன் விஷயம். 'போனோடு வா' என்று வாயால் சொன்னால் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை, சாதாரண பட்டன் போனோடு போங்கள். போன் வேண்டும் என்றால் பி.என்.எஸ்.எஸ். 94-வது பிரிவில் எழுத்தில் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. புதிய சட்டம் 'தகவல் தொடர்புச் சாதனங்கள்' என்று அதில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. இது கவலைப்பட வேண்டிய மாற்றம்தான். அந்தக் காலத்தில் ஒரு கணக்கு நோட்டைக் கேட்டார்கள், இன்றைக்குப் போனைக் கேட்டால் பேத்தி போட்டோவிலிருந்து பேங்க் கணக்கு வரைக்கும் போகிறது. அப்படி எழுத்தில் கேட்டால், அல்லது கைப்பற்றினால், மாடல், ஐ.எம்.ஈ.ஐ. எண், சிம் எண் எழுதிய பட்டியலை வாங்காமல் நகராதீர்கள். தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 105-வது பிரிவு சொல்கிறது. "வீடியோ எடுக்கிறீர்களா ஐயா?" என்று கேளுங்கள். லாக் நம்பரைச் சொல்லியே ஆக வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் அதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், வக்கீல் வழியாகப் பதில் சொல்லுங்கள்.

கைது நடக்குமா? இப்போதைக்கு அதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் குரூப்பில் சுற்றும் '60 வயசுக்கு மேல் கைதே கிடையாது' என்ற செய்தியை நம்ப வேண்டாம். 60 தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி வேண்டும் என்று 35(7)-ல் இருப்பது உண்மை. ஆனால் மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு மட்டும்தான். பேச்சு தொடர்பான முக்கியப் பிரிவுகள் பலவற்றில் தண்டனை சரியாக மூன்று ஆண்டு வரை, அதாவது இந்தப் பாதுகாப்புக்கு ஒரு முழம் வெளியே. வேண்டுமென்றே இப்படி எழுதினார்களா தெரியாமல் விட்டார்களா, எப்படியானாலும் வயதானவர்களுக்குத் தந்த சலுகை தேவைப்படுகிற இடத்தில் இல்லை.

ஒருவேளை நடந்துவிட்டால், காரணத்தை உங்களுக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் தர வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது அது கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது. தமிழில் கேளுங்கள். வீட்டுக்குத் தகவல், வக்கீலைப் பார்க்கும் உரிமை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட், இவை எதுவும் புதிய சட்டத்தில் போகவில்லை. மகளின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், போன் கையில் இல்லாவிட்டால் யாருக்கும் எந்த எண்ணும் ஞாபகம் வராது.

கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. பேசுகிற உரிமையே போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மலையிலிருந்து இறங்கிச் சேலம் அஸ்தம்பட்டி வந்தால் எங்கள் கோர்ட்டும் அங்கேதான், மத்தியச் சிறையும் அங்கேதான். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள், பெரும்பாலும் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்த மலபார்க்காரர்கள். அரசியலமைப்பு அமலுக்கு வந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. மார்ச் 1 அன்று 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. அதன் ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார், மே 26 அன்று தடை உடைந்தது. அடுத்த வருஷமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்பதைச் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் வந்தது. இன்றைக்கு உங்களுக்காக நான் கோர்ட்டில் நின்றால் என் வாதம் முழுக்க அந்த 'நியாயமான' என்ற ஒரே சொல்லில்தான் நிற்கும். அதற்கும் முன்னால், 1918-ல், ராசிபுரத்தில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் வரதராஜுலு நாயுடு மேல் மதுரையில் ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி போய் அவருக்காக வாதாடினார். இந்த மண்ணில் பேச்சுக்காக வழக்கு நடப்பது புதுசு இல்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் பேசியதைப் பேசினேன் என்று நின்றதால்தான் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

புதிய சட்டங்களில் எல்லாமே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. சோதனைக்கு வீடியோ வேண்டும். புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு முதலாவது ரொம்ப உபயோகம்.

ஆனால் கவலைகள் பெரியவை. முன்பு போலீஸ் காவல் முதல் 15 நாளோடு முடிந்துவிடும். இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஜாமீன் கேட்கும்போதெல்லாம் 'இன்னும் காவலில் எடுக்க வேண்டியிருக்கிறது' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். பி.என்.எஸ்.எஸ். 172-வது பிரிவு இன்னொன்று: போலீஸ் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவரை அப்புறப்படுத்தலாம், பிடித்து வைக்கலாம், சின்ன விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டால் போதும். ரோட்டுக்காக ஊரே போய் உட்கார்ந்தால் உங்கள் மேல் முதலில் பாயக்கூடியது இதுதான். உட்காருவதற்கு முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். 2018-ல் சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது நம் மாவட்டத்து விவசாயிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் உயர் நீதிமன்றத்தில் நில எடுப்பை எதிர்த்து ஜெயித்ததும் மனுவும் காகிதமும் வைத்துத்தான்.

இவ்வளவு பெரிய சட்டங்கள், 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேர் இடைநீக்கமாகியிருந்த கூட்டத்தொடரில் நிறைவேறின. நல்ல சட்டமாகவே இருக்கட்டும், எதிர்க்கேள்வி கேட்க வேண்டிய இருக்கைகள் காலியாக இருக்கும்போது நிறைவேற்றியிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாடு அரசு மாநிலத் திருத்தங்களுக்காக ஓய்வு பெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் 2024 ஜூலையில் குழு அமைத்தது. அந்த மாதம் நாங்களும் கோர்ட் வாசலில் நின்று போராடினோம். அப்புறம் உள்ளே போய், சுவரில் ஒட்டியிருந்த பழைய எண், புதிய எண் பட்டியலைப் பார்த்துப் பார்த்து மனு எழுதினோம். 302 என்பது 103, 420 என்பது 318. எண்கள் பழகிவிட்டன. பயம் பழகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

குரூப்பை விட்டு வெளியே வருவதா என்றால், வேண்டாம். நீங்கள் வெளியேறினால் அந்தக் குரூப்பில் இருக்கிற மற்றவர்கள் நாளைக்கு ரோட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்த மருமகள் வீட்டுக்காரர்கள்கூடப் பேச மாட்டார்கள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். வெள்ளைத் தாளில் உங்கள் கையெழுத்திலேயே இப்படி எழுதுங்கள்:

"ஐயா, இந்தத் தேதியில் இந்த எண்ணிலிருந்து போனிலும் வாட்ஸ்அப்பிலும் விசாரணைக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. அதில் குற்ற எண்ணோ மனு ரசீது எண்ணோ சட்டப் பிரிவோ இல்லை. எனக்கு 63 வயது. நான் சாட்சியா, எதிர்மனுதாரரா, குற்றம் சாட்டப்பட்டவரா என்பதைக் குறிப்பிட்டு, முறைப்படி எழுத்துப்பூர்வமான நோட்டீசும், என் மேல் உள்ள மனுவின் நகலும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சட்டப்படியான விசாரணைக்கு என் வக்கீலோடு முழுமையாக ஒத்துழைப்பேன்."

இதில் ஒரு வரியும் கூட்ட வேண்டாம், ரோட்டுக் கதையும் இதில் வேண்டாம். இரண்டு படி எடுங்கள். மகனோ அண்டை வீட்டுக்காரரோ யாராவது ஒருவர் கூட இருக்க, நேரில் கொடுத்து, ஒரு படியில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சேலம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். நீங்கள் நம் மலையில் வாழும் மலையாளி பழங்குடி என்றால் சாதிச் சான்று போதும், வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

அந்த 'சாப்பிட்டுட்டாங்க'வுக்கு மருந்து சொல்கிறேன் என்றேன் அல்லவா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த ரோட்டின் எஸ்டிமேட், செய்த வேலையின் அளவு எழுதும் எம்-புக், பில் பணம் கொடுத்த விவரம் மூன்றையும் நகல் கேளுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், ஜல்லி தார் மாதிரி எடுக்கவும் அதே மனுவில் கேட்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. பதில் தர 30 நாள். பறிப்பு மும்முரமாக இருந்தாலும் இந்த வாரமே தபாலில் போட்டால் ஜனவரி 26 கிராம சபைக்கு முன்னால் எம்-புக் கையில் இருக்கும். எத்தனை சென்டிமீட்டர் கனத்துக்குப் பில் போட்டிருக்கிறார்கள் என்பதைச் சபையில் சத்தமாகப் படித்து, தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

நிலையத்தில் முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பி வந்து, அன்றைக்கே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் நிலையத்துக்கு ஒன்று, எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒன்று அனுப்புங்கள். தபால் ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பி வையுங்கள்.